பஸ்ஸுக்கு நன்றி சொன்ன சீட்டு

வட ஜெர்மனியில் இருட்ட நேரமாகும்; மாலை ஏழு மணி வெயில் பள்ளிக்கூட ஜன்னல் வழியே வாக்குச்சீட்டுகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. தேர்தல் குழுவினர் எட்டுப் பேர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த ஊருக்குப் பன்னிரண்டு வருடம் மேயராகவும், பிறகு பெர்லினில் பதினாறு வருடம் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த ஹென்னிங் புரோடர்சன், பிள்ளைகளின் குட்டை நாற்காலியில் முழங்கால்கள் உயர்ந்து நிற்க உட்கார்ந்திருக்கிறார். எண்ணுவதை யாரும் பார்க்கலாம், பேசக்கூடாது. தொகுதி போய்விடும் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறார். சொந்த ஊராவது தன் பக்கம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் அவருக்கு. அவருடைய அடுக்கும் எதிராளியின் அடுக்கும் சரியாக இருநூற்றுப் பதினொன்றில் நிற்கின்றன. மிச்சம் ஒரே சீட்டு, எங்கள் தலைவி வீப்கேயின் கையில். ஹென்னிங் பெயருக்கு நேரே வாக்கைக் காட்டும் பெருக்கல் குறி, பக்கத்திலேயே பென்சிலில், “பஸ் விட்டதுக்கு நன்றி.”

“சீட்டுல எதாவது எழுதினா செல்லாதுன்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான் ஹென்னிங்,” என்கிறார் வீப்கே. “இப்ப வாயத் திறக்காத.”

“நான் எங்க திறந்தேன்?”

“இதோ, திறந்துட்டியே.”

யாரும் சிரிக்கவில்லை. செல்லாது என்பவர்கள் கை தூக்கலாம் என்கிறார் வீப்கே. ஒவ்வொன்றாக எட்டுக் கைகளும் உயர்கின்றன. எங்களோடு எண்ணிய பழைய பழக்கத்தில் ஹென்னிங்கின் கையும் பாதி எழுந்து, வெயிலில் ஒரு கணம் நின்று, முழங்காலுக்குத் திரும்புகிறது.