ஆற்றங்கரைக்குப் போகாத வேன்

கழுத்துப் பட்டை வழியாக, நாய் நினைக்கும் இடத்தை அறிந்து வேன் தானாகவே அங்கே போகும். படுக்கையும் அடுப்பும் வைத்த அந்த வேனில்தான் வேதமுத்துவும் ரோஸ்லினும் ஊர் சுற்றினார்கள். வழி சொல்வது அவர்களுடைய நாய் பூந்தி. அதற்கு எப்போதும் ஆற்றங்கரைதான்.

அன்று காலை வேதமுத்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். "வாய்வுதான். சோடா குடிச்சா சரியாயிடும்."

வேன் போய் நின்றது கால்நடை மருத்துவமனை வாசலில். ஊசிக்குப் பயந்து அந்த வாசலைக் கண்டாலே சீட்டுக்கடியில் பதுங்கும் பூந்தி, முதல் ஆளாக இறங்கி ஓடி டாக்டரம்மாவை இழுத்துவந்தது.

"பூந்திக்கு என்ன?" என்று கேட்டபடி வந்தவர், வியர்த்துக் கிடந்த வேதமுத்துவைக் கண்டதும் ஆம்புலன்ஸை அழைத்தார்.

பிழைத்து வந்த வேதமுத்து பூந்தியை மடியில் போட்டுக்கொண்டார். "அதுக்குத் தெரிஞ்ச ஒரே டாக்டர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கு, ரோஸ்லின்."