தோளில் மிஞ்சிய விரல்கள்

இறந்துபோன என் தங்கை கோமதியின் செல்போன் இன்னொரு தடவை அணைந்தால் திரும்ப எழாது என்றார் கடைக்காரர் இசக்கிராஜா. அவளுடைய படங்களும் குரலும் அதில் மட்டும்தான் இருந்தன. அவற்றை ஏற்றி வைக்க அவரிடம் இருந்தது யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு பழைய ஹார்டு டிஸ்க். வைரஸ் இருக்கலாம், முழுதாக அழித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லி அதைக் கணினியில் செருகினார்.

உள்ளே ஒரு குடும்பம் இருந்தது. கடைசியாக ஒரு பெண்ணின் முகம், கல்யாணப் படம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்தது. அவள் தோளில் வேறு யாருடையதோ விரல்கள் மிஞ்சியிருந்தன. அஞ்சலிச் சுவரொட்டிக்குக் கொடுக்க கோமதியின் படத்தையும் நான் அப்படித்தான் வெட்டினேன்.

"இந்தப் படம்லாம் வித்தவங்ககிட்ட இன்னொண்ணு இருக்குமா?" என்று கேட்டேன்.

"இல்லாமலா விப்பாங்க? நீங்க வேறக்கா."

ஆனாலும் விற்றவரின் எண்ணைத் தேடி அழைத்துப் பார்த்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை. மேசைமேல் கோமதியின் போன் மங்கி மங்கி எரிந்தது.

"சூடாவுதுக்கா. என்ன செய்யட்டும்?"

"அழிச்சிருங்க" என்றேன்.

அவர் மவுஸில் கையை வைத்தார். அழுத்தவில்லை. என்னைப் பார்க்காமல், "முகம் பாக்கதுன்னா பாத்துக்கிடுங்கக்கா" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு வேறு யாரும் வரப்போவதில்லை. நான் எழுந்து முன்னால் போனேன்.