கௌரம்மா வாங்கிய கன்சோல்

மூன்றாவது முறையாகக் கடையின் சேல்ஸ்மேன், உமேஷைப் பார்த்தே பேசினான்.

"சார், அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்க. கேம் ஆட கம்ப்யூட்டர்தான் பெஸ்ட்."

வாங்க வந்தது கௌரம்மா. காசும் அவளுடையது. மேட்டகள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் பதினாறு வருஷம் காலர் தைத்துச் சேர்த்தது. உமேஷ் அவள் மகன், வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தவன், அவ்வளவுதான்.

கௌரம்மா கண்ணாடி மேசையை விரலால் தட்டினாள்.

"இங்கதானே நிக்கறேன்? எங்கிட்டப் பேசுங்க."

அவன் சிரித்தான். அடம்பிடிக்கும் குழந்தையிடம் சிரிப்பதுபோல. கன்சோலை டிவியில் மாட்டி விளையாடத்தான் முடியும், கம்ப்யூட்டர் என்றால் ஆபீஸ் வேலையும் பார்க்கலாம், பழசானால் உள்ளே இருக்கும் பாகங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றான். சொல்ல ஆரம்பித்தது அவளிடம். முடித்தது உமேஷிடம்.

"விளையாடத்தான் வாங்கறேன்."

"யாரும்மா விளையாடப் போறது?"

"நான்தான்."

பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். சேல்ஸ்மேன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

காது சுட்டது. ஐம்பத்தொரு வயதுக்காரி மிக்ஸி கேட்டிருந்தால் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

உமேஷ் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் வராது, பிறந்து வளர்ந்த ஊரின் கன்னடம்தான் வரும். வீணாக அடம்பிடிக்காதே என்று கன்னடத்தில் அதட்டிவிட்டு, குரலைத் தணித்துத் தமிழுக்கு வந்தான்.

"கம்ப்யூட்டர்னா எனக்கும் ஆகும், உனக்கும் ஆகும்மா."

"உனக்கு ஆகும், அப்பாவுக்கு ஆகும்னு வாங்கி வாங்கித்தான்டா அந்த வீட்ல எனக்குன்னு ஒரு சாமான்கூட இல்ல."

சத்தமாகவே சொன்னாள். தேவராஜ அரஸ் சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாசல் வழியாக எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

பர்ஸிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். எந்த கன்சோல், எந்த கார் பந்தய ஆட்டம் என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"இதேதான் வேணும். மைக் வெச்ச ஹெட்ஃபோன் ஒண்ணும் குடுங்க."

சேல்ஸ்மேன் சீட்டைப் படித்தான். அப்புறம்தான் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"சரிங்க மேடம்."

வழியெல்லாம் உமேஷ் ஹாரனை அடித்துக்கொண்டே வண்டி ஓட்டினான்.

வீட்டில் அவள் கணவர் மாதப்பன் கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பேரன் பேத்தி எடுக்கற வயசுல பொம்மைக் காரா?"

கௌரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ரிமோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

உமேஷ் கடுகடுத்த முகத்தோடு வயர்களை மாட்டினான். ஆட்டத்தில் அவளுக்கு என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டான். சீட்டின் பின்பக்கம் இருந்த பெயரைக் காட்டினாள். ஒரு பூவின் பெயரும் எண்ணுமாக ஏதோ ஒன்று. முணுமுணுத்துக்கொண்டே அடித்தான்.

ஆட்டம் டவுன்லோட் ஆகி முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. டிவியின் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று எழுந்தது. யாரோ அவளோடு சேர்ந்து விளையாடக் கேட்டிருந்தார்கள். அந்த யாரோவின் பெயரைப் படித்த உமேஷின் விரல் அப்படியே நின்றது.

அது சின்ன வயதில் அவன் தன் அக்காவைக் கூப்பிட்ட பெயர். அவனைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அக்கா மோகனப்ரியா தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய் மூன்று வருஷமாகிறது. அன்றைக்கே மாதப்பன் சொல்லிவிட்டார், அவள் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று. தினமும் சாயங்காலம் கௌரம்மாவின் போனை வாங்கிப் பார்ப்பார். வேலைக்குப் போனால் கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்தச் சீட்டு மோகனப்ரியா எழுதிக் கொடுத்தது, கூட வேலை செய்யும் சாமியாத்தாள் கோயம்புத்தூர் கல்யாணம் ஒன்றுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்தது.

"என்னடா அது, மூலைல?" என்றார் மாதப்பன்.

உமேஷ் அம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அப்டேட்டுப்பா," என்று சொல்லிப் பட்டனை அழுத்தினான். ஹெட்ஃபோனை எடுத்து அவனே அம்மாவின் தலையில் மாட்டினான்.

பந்தயம் தொடங்கியது. அவளுடைய சிவப்புக் கார் எடுத்த எடுப்பில் சுவரில் போய் முட்டி நின்றது.

காதுக்குள் மூச்சு கேட்டது. பிறகு, "அம்மா, பின்னால எடு. எடுத்து லெஃப்ட்ல திருப்பு. நான் இங்கயேதான் நிக்கறேன்."

திரையில் கொஞ்ச தூரத்தில் ஒரு நீலக் கார் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. மற்ற கார்களெல்லாம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

மூன்று வருஷக் கோபம் அத்தனையும் ஒன்றாக மேலே வந்தது. கௌரம்மா கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கத்தினாள்.

"எவன் என்ன சொன்னாலும் சரி, இனிமே தினமும் வருவேன். பாத்துடறேன்."

கார் முட்டிய ஆத்திரம் என்று நினைத்து மாதப்பன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"வா, வா. யாரு வேண்டாம்னா?"