கம்பெனி முதலாளி

விசாரணை அறைக்குள் மதிய வெயில் திரைச்சீலை இடுக்கில் நுழைந்து மேசைமேல் கோடு கிழிக்கிறது. சலூன்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். பெண் அதிகாரி கணினியை அவர் பக்கம் திருப்புகிறார். திரையில் சிரிக்கும் முகம் அவருடையதுதான். எதற்காகச் சிரித்தோம் என்றுதான் விளங்கவில்லை. "கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குன கம்பெனி இது. டைரக்டர் நீங்கதான்." "நான் முடி வெட்டுறவன்மா. கடைக்கு லோன் வாங்கித் தர்றேன்னு அக்கா வீட்டுக்காரர் போட்டோ எடுத்தார், கையெழுத்து கேட்டார். போட்டேன்." "அவர் எங்க?" "வெளியில பெஞ்சுல. அவர்தான் என்னைக் கூட்டிட்டு வந்தார்." அதிகாரி கதவைத் திறக்கிறார். பெஞ்சில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் மட்டும் நிற்கிறது. மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது. "டீ குடிக்கப் போயிருப்பார். வந்துருவார்மா" என்கிறார் சலூன்காரர். அக்காவுக்குப் போன் போடலாமா, வேண்டாமா என்று தெரியாமல் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.