ஃபேமிலிக்குத் தனி ஹால்

"இந்தப் புதுக்கோட்டையில ஒனக்கு வேற ஓட்டலே கெடைக்கலையா?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார் ஆத்மநாதன்.

இடது பக்கக் கதவில் 'பார்' என்று எழுதியிருந்தது. வலது பக்கக் கதவில் 'ஃபேமிலிக்குத் தனி ஏ.சி. ஹால்'.

"நாம என்ன அங்கிட்டா போறோம்? இங்கிட்டுத்தானே" என்றாள் திலகவதி. "எதிர்வீட்டு ராஜலட்சுமி பேரன் பொறந்தநாளையே இங்கதான் வச்சா."

"குடிக்கிறவன் நிழல் பட்ட எடத்துல எனக்குச் சோறு எறங்காது."

இந்த ஒரு குணத்துக்காகத்தான் அவருடைய மற்ற குணங்களை எல்லாம் திலகவதி பொறுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் இன்றைக்கு அதைப் பார்த்தால் முடியுமா? மகள் மணிமேகலையைப் பார்க்க மாப்பிள்ளைப் பையன் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

போன தடவை வந்தவர்கள் வீட்டுக்கே வந்து, இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டுவிட்டு, பொண்ணு உயரம் பத்தாது என்று போனார்கள். தெருவே வந்து துக்கம் விசாரித்தது. அதனால்தான் இந்தத் தடவை பையன் மட்டும், அதுவும் ஓட்டலில்.

பையன் பேர் சரவணக்குமார். அரிமளத்தில் டைல்ஸ் கடை. இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றான். திலகவதிக்கு அதிலேயே பாதி மனசு நிறைந்துவிட்டது.

ஆண்கள் இருவரும் ஒரு பக்கம், பெண்கள் இருவரும் எதிரே. ஆத்மநாதன் மெனு கார்டைக் கை நீட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

"கண்ணாடியத்தான் அறந்தாங்கி பஸ்ல தொலைச்சுட்டு வந்தாரே" என்றாள் திலகவதி. "காது ஒடிஞ்ச கண்ணாடி தம்பி. நான்தான் செவப்பு நூலைச் சுத்திக் குடுத்திருந்தேன். அதையும் ஒருத்தன் எடுத்துட்டுப் போயிருக்கான் பாருங்க."

"குடுங்க மாமா, நான் படிக்கிறேன்" என்றான் சரவணக்குமார். "நண்டு வறுவல்?"

"அது இல்லைங்க" என்றார் பரிமாறுபவர்.

"வஞ்சிரம்?"

"இல்லைங்க."

"நாட்டுக்கோழி?"

"நேத்து இருந்துச்சுங்க."

"அண்ணே, எது இருக்கோ அதையே கொண்டாங்க" என்றான். மணிமேகலை சிரிப்பை அடக்கத் தண்ணீரைக் குடித்தாள்.

பிரியாணி ஆறிப்போய் வந்தது. கோழி வறுவலை வாயில் வைத்த திலகவதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு உப்பு.

"என்னங்க இது, உப்பளத்துல வளந்த கோழியா?"

பரிமாறுபவர் தலையைச் சொறிந்தார். "சமையக்கட்டு ஒண்ணுதாங்கம்மா. பார் பக்கம் உப்பும் காரமும் தூக்கலாத்தான் கேப்பாங்க. தட்டு மாறி வந்திருக்கும். இந்தப் பக்கம் ஆள் வரலைன்னு என்னையே அங்கிருந்துதான் அனுப்பியிருக்காக."

திலகவதிக்கு அழுகை வராத குறை. நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இப்படியா? ராஜலட்சுமியை மனசுக்குள் ஒரு பாட்டம் வைதாள். வீட்டில் ஒரு கல் உப்பு கூடினாலும் தட்டைத் தள்ளிவிடும் ஆத்மநாதன் மட்டும், பாவம், சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதென்று எலும்பைக்கூட விடாமல் தின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. கேட்காமலேயே ஒரு தட்டு வந்தது. வறுத்த கடலை, பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே எலுமிச்சை. ஆண்கள் இருவருக்கும் நடுவில் அதை வைத்துவிட்டு, "சாருக்கு எப்பவும் குடுக்கிறது" என்றார் பரிமாறுபவர்.



ஆத்மநாதன் ஏ.சி.யை அண்ணாந்து பார்த்தார். சரவணக்குமார் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"எனக்குத்தான்."

"தம்பி இங்க அடிக்கடி வருவீகளோ?" திலகவதியின் குரல் இறங்கிவிட்டது.

"எப்பவாவதுங்க அத்தை."

முடிந்தது. கடலைத் தட்டு மனப்பாடமாகிற அளவுக்கு எப்பவாவது. குடிகாரனுக்குப் பொண்ணைக் கொடுப்பதைவிட அவள் வீட்டோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மணிமேகலையோ ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். வீட்டுக்குப் போனதும் எப்படிச் சொல்வது? திலகவதிக்குப் பிரியாணியைவிட அந்தச் சிரிப்புதான் தொண்டையில் அடைத்தது.

பில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார்கள். பின்னாலேயே ஓடிவந்தார் பரிமாறுபவர்.

"சார், சார். போன வாரம் பார்ல டேபிள் மேலேயே விட்டுட்டுப் போயிட்டீகளே. பத்திரமா எடுத்து வச்சிருந்தேன்."

அவர் கையில் ஒரு கண்ணாடி.

ஆத்மநாதன் வண்டிச் சாவியை இல்லாத பையில் எல்லாம் தேடினார். சரவணக்குமார் முந்திக்கொண்டு கையை நீட்டினான்.

"என்னுதுதாண்ணே. ரொம்ப நன்றி."

பரிமாறுபவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவன் அதை எடுத்து மாட்டியேவிட்டான். கண் இரண்டும் பூதாகாரமாகத் தெரிந்தன. ஒரு அடி எடுத்து வைத்தவன், இல்லாத படியில் காலைத் தூக்கி வைத்துத் தடுமாறினான்.

கண்ணாடியின் ஒரு காதில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

திலகவதி அதைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் இன்னும் சாவியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

அவள் மெதுவாகப் போய் அந்தப் பையனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து நடங்க மாப்பிள்ளை. கண்ணாடியக் கழட்டி ஒங்க மாமாகிட்டயே குடுத்துருங்க. நான் சுத்துன நூலு எனக்குத் தெரியாதா?"