முதல் விதி

விதவையான பிறகு அந்தக் கன்னியர் மடத்தைத் தொடங்கிய இன்னாசியம்மாள், அதன் விதிகளைத் தன் கையாலேயே எழுதினாள். உள்ளே வந்தவள், பெற்றவர் செத்தாலும் வாசல் தாண்டக்கூடாது என்பதுதான் முதல் விதி. மடத்தில் இருபது பெண்கள் அவளை அம்மா என்றார்கள். அன்று காலை கம்பிச் சன்னலுக்கு வெளியே நின்று அப்படிக் கூப்பிட்டவள், ஏழு வயதில் தங்கை வீட்டில் விட்டுவந்த மகள் பிலோமி.

“நாளைக்கு எனக்குக் கல்யாணம். நீ வரமாட்டியாம்மா?”

“ஒனக்காகச் செபம் பண்ணுதேன், மக்கா.”

“செபத்த யாரு கேட்டா?” என்று சொல்லிவிட்டுப் பிலோமி போய்விட்டாள்.

அதன்பின் இன்னாசியம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிணற்றடிக்கும் மடத்துக் கோயிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. மாலையில், பாயில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த சவேரியாள் முன்னால் போய் நின்றாள். தகப்பன் சாகக் கிடந்தபோது போய்ப் பார்க்கக் கெஞ்சியவள் இவள்தான். இன்னாசியம்மாள் விடவில்லை.

“சவேரி, நான் போயிட்டு வரட்டுமா?”

சவேரியாள் மடித்த துணியைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

“எங்கப்பாவ அடக்கம் பண்ணி நாப்பது நாளாச்சும்மா” என்றவள், பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

இன்னாசியம்மாள் உட்காரவில்லை. வாசலைப் பார்த்தபடியே நின்றாள்.