யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?

"வாயு மாத்திரையை எடு," என்றார் கணவர், தலையைத் திருப்பாமலே. அவள் மடியிலிருந்த பையைத் துழாவி மாத்திரையை எடுத்து நீட்டினாள். மைக் வைத்த மெத்தை நாற்காலியில் அவர். பின்னால் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள்.

மாநகராட்சிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்று மரியாதைக்குச் சொல்லலாம். ஒருவர் கார் சாவியால் காது குடைந்து, வந்ததைச் சாவியிலேயே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் டீயில் விழுந்த பிஸ்கட்டை விரலை விட்டுத் தேடினார். சீ, ஊரை ஆள்கிற லட்சணமா இது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கவுன்சிலர் ஐயா, சர்க்கரை போதுங்களா?" என்று டீக்காரர் கணவரிடம் குழைந்தார். பின்னால் இருப்பவளுக்கு டீ வேண்டுமா என்று கேட்க நாதியில்லை.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாய் வண்டிக்கு டயர், பூங்கா பெஞ்சுக்குப் பெயின்ட், சாக்கடைக்கு மூடி என்று அன்றாடச் சங்கதிகளையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, "யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" என்று மேயர் ஒரு தடவை கேட்பார். எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள், வேலை முடிந்தது. உறுப்பினர் ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் போதும், அந்த விஷயத்தைத் தனியாக எடுத்து, நேரில் போய்ப் பார்த்து விசாரித்தாக வேண்டும். ஆனால் இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் வீட்டுக்குப் போக நேரமாகிவிடுமே!

இன்றைய கட்டுக்குள் குப்பைக் கிடங்கையும் சொருகியிருந்தார்கள். இன்னும் பத்து வருஷத்துக்கு அதே இடத்தில் கொட்டிக் கொளுத்தலாமாம். அந்தக் கிடங்குச் சுவரை ஒட்டித்தான் அவள் தங்கையின் வீடு. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் ஈதான் தெரியும், சாப்பாடு தெரியாது. கைக்குழந்தை மூச்சுத் திணறி மறுபடியும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது.

காலையில் தங்கை போனில் அழுதாள். "அக்கா, நீ இன்னைக்கு அங்கதானே போற? ஒரு வார்த்தை சொல்லேன்க்கா. இனிமே அந்தப் புகைக்குள்ள பிள்ளையைக் கொண்டு போகாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

காரில் வரும்போது கணவரிடம் கெஞ்சிப் பார்த்தாள். "என்னங்க, கிடங்குக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லிடலாம். அந்தப் பச்சப்புள்ள முகத்துக்காகவாவது."

"உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. குத்தகைக்காரர் நம்ம ஆளு. நேத்துதானே பெட்ரூமுக்கு ஏசி மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு? ஜன்னலைச் சாத்திட்டு ராத்திரி ஜம்முனு தூங்கினோமா இல்லையா?"

தூங்கியது அவர். அந்தக் குளிர் மேலே படப்பட அவளுக்குப் புழு ஊர்வது போலிருந்தது. தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் புரண்டு கிடந்தாள்.

"வந்தோமா, உக்காந்தோமா, போனோமான்னு இரு. வாயைத் திறந்தே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத்தான் காரிலிருந்து இறங்கினார். வாசல் காவலாளி அவளைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கையைத் தூக்கி அதை வாங்கிக்கொண்டது கணவர்.

இப்போது மேயர் ஒரு கொட்டாவியை விட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணுல இருந்து கடைசி வரைக்கும் எல்லாம் வழக்கமான விஷயம்தான். யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?"

"எங்க வார்டுக்குப் பரிபூரண சம்மதம்!" என்று மைக்கில் முழங்கினார் கணவர். "கிடங்கால எங்க ஜனங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க. சும்மா ரோஜாப்பூ வாசனைதான், போங்க!"

மன்றம் முழுக்கச் சிரித்தது. மேசைகள் தடதடவென்று அதிர்ந்தன. அங்கே ஒரு குழந்தை மூச்சுக்கு அடித்துக்கொள்கிறது, இங்கே இதுகளுக்குச் சிரிப்பு! அவர்கள்மேல் வந்த அருவருப்பைவிட, இத்தனை நாள் பையைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்த தன்மேலேயே அவளுக்கு அதிகமாக வந்தது.

பையைத் தொப்பென்று தரையில் போட்டுவிட்டு எழுந்தாள். "எனக்கு ஆட்சேபம் இருக்கு."

தட்டிய கைகள் அப்படியே நின்றன.

"ஏய், உக்காருடி!" என்று பல்லைக் கடித்தார் கணவர். பிறகு மேடையைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "ஒண்ணுமில்லீங்க, வீட்டுல ஒரு சின்ன மனஸ்தாபம்."

"கிடங்கை அங்கேயிருந்து எடுக்கணும். அந்தப் புகையில பிள்ளைங்களுக்கு மூச்சு நிக்குது. எல்லாரும் நேர்ல வந்து ஒரு மணி நேரம் நின்னு பாருங்க, அப்புறம் தட்டுங்க மேசையை."

மேயர் கூரையை ஆராய்ந்தார். காது குடைந்தவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முந்தாநாள்தான் மாற்றலாகி வந்திருந்த ஆணையர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"மன்னிக்கணும்மா. இங்க உறுப்பினர்கள் மட்டும்தான் பேசலாம். உறுப்பினர் அல்லாதவங்க தயவுசெஞ்சு வெளியே போயிடணும்."

"நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க சார்!" என்று கணவர் மேசையை ஓங்கித் தட்டினார்.

அவள் முன்னால் வந்து குனிந்து, கணவர் முன்னாலிருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஆணையர் சொல்றாருல்ல? எந்திரிச்சு வெளியே போங்க. ஓட்டு வாங்கி ஜெயிச்சது நான்."